பெற்றோரின் படிப்பும் பிள்ளையின் வயிறும்
வன்னிக்குப் போன நம்மவர்களிடமிருந்து ஒரு பாடம்



கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்து நிற்கும் போதும், லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும் போதும் ஒரு பேச்சு அடிக்கடி எங்கள் காதில் விழுகிறது. "நான் அஞ்சாம் வகுப்பு. அவரு மூணாம் வகுப்பு. எங்க புள்ளைக்கு மட்டும் படிப்பு எங்கேருந்து ஏறப்போகுது? பத்து முடிஞ்சா கொழும்புல ஒரு கடைக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

இப்படிச் சொல்லும் அம்மாவைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதி பொய். எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட இடம் வன்னி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மலைநாட்டிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் வாசகர்கள் பலருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ, அத்தையோ, பெரியம்மா மகனோ இருப்பார்கள். நம் தோட்டத்துப் படிப்போடு போனவர்கள் தோட்டத்துக்கு வெளியே எப்படி ஆனார்கள் என்று பார்த்தால், படிப்புக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு விளங்கும். முதலில், தூரத்து நாடுகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான்

ஐரோப்பா என்றால் பணக்கார நாடுகள், அங்கே ஏழைப் பிள்ளைகளே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிபர அலுவலகம் ஒவ்வொரு வருடமும் இதைக் கணக்கெடுக்கிறது. அந்த நாட்டின் நடுத்தர வருமானத்தில் நூற்றுக்கு 60 பங்கும் கிடைக்காத வீடு, அவசியப் பொருட்கள் பலவற்றை வாங்க முடியாத வீடு, பெரியவர்களுக்குச் சரியாக வேலை கிடைக்காத வீடு, இந்த மூன்றில் எதுவானாலும் அந்த வீட்டுப் பிள்ளை வறுமை ஆபத்தில் இருப்பதாக எழுதுகிறார்கள். 2023இல் அந்த ஒன்றியத்தின் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தக் கணக்கில் வந்தார்.

பெற்றோரின் படிப்பை வைத்துப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. தாயும் தகப்பனும் நம் சாதாரண தரத்துக்கும் கீழே படிப்பை நிறுத்திய வீடுகளில் பத்துப் பிள்ளைக்கு ஆறு பிள்ளை அளவில் வறுமை ஆபத்தில் இருக்கிறது. பெற்றோர் பல்கலைக்கழகம் வரை படித்த வீடுகளில் பத்துக்கு ஒன்று அளவில்தான். ஆகவே அந்த அம்மா சொன்னதில் உண்மையான பாதி இது. பெற்றோருக்குப் படிப்புக் குறைந்தால் பிள்ளை ஏழையாகும் ஆபத்துக் கூடுகிறது. தோட்டம் என்றாலும் சரி, ஐரோப்பா என்றாலும் சரி.

ஆனால் எல்லா நாட்டிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. 2023இல் ருமேனியாவில் நூறு பிள்ளைக்கு 39 பிள்ளைகள் வறுமை ஆபத்தில் இருந்தார்கள். ஸ்பெயினில் 34 பேருக்கு மேல். ஸ்லோவேனியா என்ற சின்ன நாட்டிலோ நூற்றுக்கு 11 பேர் அளவில்தான். இதற்குக் காரணங்கள் பல. ஸ்லோவேனியாவில் பாலர் பள்ளிக் கட்டணம் பெற்றோரின் வருமானத்துக்கு ஏற்றபடி. குறைந்த வருமானக்காரருக்குக் குறைந்த கட்டணம். பின்லாந்தில் பள்ளிக்கூடம் போகும் எல்லாப் பிள்ளைக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். போலந்து 2016இல் பிள்ளைகளுக்கு மாதாந்தப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதன் பின் அங்கே பிள்ளைகளின் வறுமை குறைந்தது. பெற்றோரின் படிப்பை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் படிக்காத பெற்றோரின் பிள்ளை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதைச் செய்தால் தொடர்பு தளர வழியுண்டு.

நாம் அஞ்சாம் வகுப்போடு நின்றது ஏன்?

இப்போது நம் கதைக்கு வருவோம். 1907இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளில் 6 வயது முதல் 10 வயது வரையானவர்களுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. வேலைக்கு ஆள் வேண்டிய துரையே பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பு. பல தோட்டங்களில் ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு முடிவு. அதற்கு மேல் படிக்க டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பிள்ளையோ அதற்கு முன்பே அரைப்பேருக்கு மலைக்குப் போய்விடும். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிலேயே நின்றன. 1977 முதற்கொண்டுதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இதனிடையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அதே 1948இல்தான், யுத்தத்தால் அடிபட்டு ஏழை நாடாகக் கிடந்த பின்லாந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியது. ஒரே வருடம், இரண்டு நாடு. ஒரு நாடு தன் ஏழைப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டது. இன்னொரு நாடு வெளியே நிறுத்தியது.

ஆகவே, "எங்க பரம்பரைக்குப் படிப்பு வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் தாத்தா பாட்டியின் மூளையில் குறையில்லை. கதவுதான் பூட்டியிருந்தது.

வன்னிக்குப் போனவர்கள்

1958 கலவரத்துக்குப் பிறகு நம்மவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே போனார்கள். 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்துக்குத் தடை வந்தது. வன்னியில் இந்தப் பயிர்கள் பெருகின, கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். அதே காலத்தில் 1973, 1974இல் தோட்டங்களில் மா, அரிசி கிடைக்காமல் பட்டினிச் சாவு வரை போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயிற்றுப் பாட்டுக்காகப் பலர் போனார்கள். 1977 ஓகஸ்டில் நடந்த கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது இன்னும் பலர் உயிர்ப் பயத்தோடு போனார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம் போன்ற இடங்களிலும், முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கத்திலும், வவுனியாவில் செட்டிக்குளம், நெடுங்கேணிப் பக்கங்களிலும் காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள்.

போனவர்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனால் கையில் இரண்டு விஷயம் இல்லை. ஒன்று படிப்பு. மற்றது பிரஜாவுரிமை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச காணி உத்தரவுப் பத்திரம் கிடையாது. ஆகவே பலர் மற்றவர் வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்கு நின்றார்கள். காணி பிடித்தவர்களிலும் பலருக்குக் கிடைத்தது குளத்துத் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி. இரணைமடு நிறைந்து நின்றாலும் மேட்டுக்காணிக்காரன் மழையைத்தான் பார்த்திருக்க வேண்டும். காணி இருந்து, தண்ணீர் இருந்து, அஞ்சாம் வகுப்புப் படித்தவன் பிள்ளைகளை வளர்த்துவிடுவான். காணியும் இல்லை, பத்திரமும் இல்லை என்றால் படிப்பில்லாமை இரண்டு மடங்காக அடிக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. தோட்டத்தில் எவ்வளவு குறை இருந்தாலும் ஒரு பிள்ளைக் காம்பிரா இருந்தது. அம்மா மலைக்குப் போகும்போது கைப்பிள்ளையை ஆயாவிடம் விடலாம். வன்னியில் அதுவும் இல்லை. அம்மா நாற்று நடவோ வெங்காயம் கிண்டவோ போனால், மூத்த பெண்பிள்ளைதான் தம்பியைப் பார்க்க வேண்டும். அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு போனது. பத்து வருடம் கழித்து அவளே படிக்காத தாயாக நின்றாள். வறுமை இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

பாலர் பாடசாலையில் தொடங்கியவர்கள்

இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் ராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவில் நடத்திய காந்தியம் அமைப்பு, நம் குடும்பங்களைக் குடியமர்த்தியது. கிராமங்களில் பாலர் பாடசாலை திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுத்தது; வைத்திய உதவியும் செய்தது. காணி, பாலர் பாடசாலை, சாப்பாடு, மருந்து என்று நாலையும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஐரோப்பிய நாடுகள் பெரிய செலவில் செய்வதை ஓலைக் கொட்டிலில் செய்ய முயன்றார்கள் என்று சொல்லலாம்.

அது நீடிக்கவில்லை. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் வைத்தியர் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பாம், கென்ட் பாம் என்ற பண்ணைகளில் இருந்த நம்மவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

பிறகு யுத்தம். அங்கே பிறந்த இரண்டாம் தலைமுறையின் படிப்பை இடப்பெயர்வு தின்றது. 1996இல் கிளிநொச்சி நகரமே காலியானது. 2008, 2009இல் பள்ளிக்கூடம் மரத்தடிக்கு வந்து, பின்பு அதுவும் இல்லாமல் போனது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலானோர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில். அதை மூடியது 2012 செப்டெம்பரில்.

முதல் தலைமுறைக்குத் தோட்டப் பள்ளிக்கூடம் தடை. இரண்டாம் தலைமுறைக்கு யுத்தம் தடை. இன்று அங்கே பள்ளிக்கூடம் போவது மூன்றாம், நான்காம் தலைமுறை. 2019இல் அரசாங்கம் எடுத்த வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு. அங்கே நூற்றுக்கு 44 பேருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. முழு நாட்டுக்கும் அது 14 பேர்தான். இது மாவட்டத்தில் உள்ள எல்லா மக்களுக்குமான கணக்கு. நம்மவருக்கு மட்டும் உரியதல்ல. அதே கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் வறுமையில் இருந்தார்கள். வன்னியும் மலையும் இந்த விஷயத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

படிப்புக் குறைவு வயிற்றுக்கு எப்படிப் போகிறது?

படிப்பு என்றதும் உத்தியோகம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. அது ஒரு வழி. இன்னும் பல வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வேலையின் தன்மை. படிப்புக் குறைந்தவருக்குப் பெரும்பாலும் நாட்கூலிதான். மழை பெய்தால் வேலையில்லை, காய்ச்சல் வந்தால் காசில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டில் பிள்ளை தினமும் சாப்பிடுகிறது. நாட்கூலி வீட்டில் பிள்ளை வேலை உள்ள நாளில் சாப்பிடுகிறது.

இரண்டாவது, கடதாசி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், அஸ்வெசும விண்ணப்பம் எல்லாமே எழுத்து வேலை. பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் போதும், உதவி தட்டிப் போகும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவரப் பத்திரம் வேண்டும். பத்திரத்தை வாசிக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கடன். யுத்தம் முடிந்த பின் வன்னியில் வீட்டுக்கு வீடு நுண்கடன் வந்தது. வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று வாசிக்காமல் கையெழுத்து வைத்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். தோட்டத்தில் இருக்கும் நமக்கும் இது புதிய கதையல்ல. தவணைக்காரர் வரும் கிழமையில் முதலில் குறைவது பிள்ளையின் பால்மாவும் முட்டையும்தான்.

நான்காவது, சுகாதாரம். 1979இல் ஜோன் கால்டுவெல் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் நைஜீரியா நாட்டைப் பற்றி எழுதினார். ஒரே மாதிரி வசதியுள்ள வீடுகளிலும், தாய் படித்திருந்தால் பிள்ளைச் சாவு குறைகிறது என்று அவர் காட்டினார். படித்த தாய் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கேள்வி கேட்கிறாள், வீட்டில் அவள் சொல் எடுபடுகிறது. பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தினால் அவளோடு அவள் பெறப்போகும் பிள்ளைக்கும் நட்டம்.

இந்த நாலில் எதுவும் தலையெழுத்தல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி இருக்கிறது. அந்த அம்மாவின் பேச்சில் பொய்யான பாதி இதுதான். "எனக்குப் படிப்பில்லை, ஆகவே என் பிள்ளைக்கும் ஏறாது" என்பது கணக்குக்குச் சரிவராது. நாட்டுக்கு நாடு இந்த ஆபத்து வித்தியாசப்படுவதே அதற்குச் சாட்சி.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய உண்டு. பாலர் நிலையம், பாடசாலைச் சாப்பாடு, காணி, வீடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. சங்கங்களும் நம் பிரதிநிதிகளும் அதை விடாமல் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு.

1. பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதா? பெயர் சரியா? பதியாமல் விட்டிருந்தால் காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். 15 வயதானால் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போடுங்கள். பரீட்சைக்கு அது வேண்டும்.

2. கைப்பிள்ளைக்காக மூத்த பிள்ளையை மறிக்காதீர்கள். தோட்டத்தில் பிள்ளை நிலையம் இருந்தால் அங்கே விடுங்கள். நிலையத்தில் குறையிருந்தால் பிள்ளையை நிறுத்தாமல் குறையைச் சொல்லுங்கள்.

3. கிளினிக்கை விடாதீர்கள். நிறை பார்க்கும் நாளில் ஒரு பேர் போனாலும் பரவாயில்லை. திரிபோஷ கிடைத்தால் அதைப் பிள்ளைக்குத்தான் கொடுங்கள்.

4. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பாடம் கேட்கலாம். இரவில் அடுப்படியில் இருந்துகொண்டே, "இன்னைக்கு என்ன படிச்ச, வாசிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். பிழையை நீங்கள் திருத்த வேண்டியதில்லை. அம்மா கேட்கிறாள் என்று தெரிந்தாலே பிள்ளை வாசிக்கும்.

5. கையெழுத்துக்கு முன் வாசிப்பு. கடன் பத்திரமோ வேறு எந்தப் பத்திரமோ, படிக்கும் உங்கள் பிள்ளையைக் கொண்டு சத்தமாக வாசிப்பித்துக் கேளுங்கள். விளங்காவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

6. நீங்களும் படிக்கலாம். வலயக் கல்வி அலுவலகங்களில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு வேண்டுமென்று சேர்ந்து போய்க் கேளுங்கள்.

7. பத்தோடு நிறுத்தாதீர்கள். 1998 முதல் 14 வயது வரை கட்டாயமாக இருந்த படிப்பு 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. சாதாரண தரத்தில் தவறினாலும் தொழிற்பயிற்சி இருக்கிறது. தேசியச் சான்றிதழோடு ஒரு மின்சார வேலைக்காரனாக, ஒரு மெக்கானிக்காகப் போகும் பிள்ளைக்கும், வெறுங்கையோடு கடைக்குப் போகும் பிள்ளைக்கும் சம்பளம் ஒன்றல்ல.

கடைசியாக ஒன்று. மலையாளபுரமும் பாரதிபுரமும் இருக்கும் அதே கிளிநொச்சியில், அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. 2016 முதல் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் அங்கே உண்டு. வவுனியாவுக்கு 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமே கிடைத்தது. தாத்தா காடு வெட்டிய மாவட்டத்தில் பேரப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாசல் வரை பிள்ளை போய்ச் சேர வேண்டும். அதற்கு அது பதினொராம் வகுப்பிலும் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மலையிலும் அப்படித்தான். முதலில் சொன்ன அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்வது இதுதான். அம்மா, நீங்க அஞ்சாம் வகுப்போட நின்னது உங்க பிழை இல்ல. புள்ளைய பத்தோட நிறுத்துறதா இல்லையாங்கிறது மட்டும் இப்ப நம்ம கையில இருக்கு. கொழும்புக் கடைக்கு அனுப்புற யோசனைய இன்னும் ரெண்டு வருசம் தள்ளிப் போடுங்க. அந்த ரெண்டு வருசத்துல அந்தப் புள்ளையோட சம்பளமும், அதோட புள்ளையோட சாப்பாடும் இருக்கு.